அண்ணி போடாத பூட்டு

போன வாரம் அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்த இடத்தில் விட்டிருந்தோம். அவன் இன்னும் உட்காரவில்லை. நடுவில் ஒரு சனியும் ஞாயிறும் போய்விட்டன என்பது வேறு விஷயம். கோபத்துக்கு விடுமுறை கொடுக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

இந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் புரட்டுகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. கட்டட வரைபடம் போடும் அலுவலகம் அது. மூன்று அறை, ஆறு கணினி, எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சுவரோரம் இரைந்துகொண்டே இருக்கும் ஒரு சர்வர். ஆரம்பித்தவள் அம்மா, இன்ஜினியர். படம் போட்டுக் கையெழுத்திடுகிறவன் அண்ணன். சர்வரையும் அதில் யார் எதைத் திறக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்கிறவள் சின்னவள். பதினோரு வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் முன்பு இங்கே வந்து உட்கார்ந்தவள் அண்ணி. மாடிப்படி வரைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இன்று திங்கட்கிழமை. இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். மூன்று மணிக்குள் பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடங்கள் அனுமதி அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு, அண்ணியைப் பங்குதாரராகச் சேர்க்கும் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் அண்ணன் எழுந்தது இந்தப் பேச்சில்தான்.

முதல் காரியத்துக்கு வேண்டிய பதினேழு படங்கள் அண்ணி வரைந்தவை. சர்வரில் இருக்கின்றன. பெயர் தெரிகிறது. திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. அண்ணியோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே வெளியூர் கிளம்பிவிட்டாள். அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். போகும்போது யாரிடமும் முகம் கொடுத்துச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

"போன் போட்டேன். ஆஃப்ல இருக்கு," என்றான் அண்ணன். "வேணும்னே ஆஃப் பண்ணி வெச்சிருக்கா."

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வேற எப்படி வெச்சிருப்பாங்க?" என்றாள் சின்னவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ என்ன அவளுக்கு வக்கீலா?"

"நான் சர்வருக்கு வக்கீல். அது இதுவரைக்கும் என்கிட்ட பொய் சொன்னதில்ல."

அம்மா தன் மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பத்திரம், மேலே ஒரு ஸ்கேல். அம்மா பென்சில் சீவ ஆரம்பித்தால் வாதம் முடிந்து தீர்ப்பு எழுதப் போகிறாள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மூத்த வரைவாளர் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். சுவரில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் படத்தைத் திருப்பி அனுப்புகிறவர் என்பதால் அவருக்கு அரைமில்லி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"சின்னு," என்றாள் அம்மா. "பூட்டினது அவதானான்னு மட்டும் பார்த்துச் சொல்லு. சாயங்காலம் நான் எதுல கையெழுத்துப் போடறேன்னு எனக்குத் தெரியணும்."

சின்னவள் கறுப்புத் திரையைத் திறந்து ls -l என்று தட்டினாள். படங்கள், பட்டியல்கள், பொது ஃபோல்டரில் இருந்த எல்லாமும் வரிவரியாக இறங்கின. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எழுத்துகளும் கோடுகளும். முதல் குறியைத் தள்ளிவிட்டால், முதல் மூன்று இடம் எழுதியவருக்கு, அடுத்த மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று மற்றவர்களுக்கு. எழுத்து இருந்தால் அனுமதி, கோடு இருந்தால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இதைச் சின்னவள் இந்தக் குடும்பத்துக்கு ஏழு முறை விளக்கியிருக்கிறாள், எட்டாவது முறையும் விளக்கத் தயாராகவே இருந்தாள்.

அண்ணியின் ஃபைல்களில் குழுவின் பெயர் சரியாக இருந்தது. ஆனால் குழுவுக்கு உரிய இடத்தில் மூன்று கோடுகள்.

அண்ணன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். அவன் கோபக்காரனே தவிர மக்கு இல்லை.

"இங்க பாரு. நாம ஆரம்பிச்சு அவ திருத்தினது எல்லாம் திறந்திருக்கு. அவளா ஆரம்பிச்சது ஒன்னு விடாம மூடியிருக்கு. தற்செயலா இப்படி நடக்குமா?"

சின்னவள் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். அவன் சொன்னது சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அது மட்டுமா? கீழ போ. வாரக் குறிப்பு ஒன்னு, வாரக் குறிப்பு ரெண்டுன்னு வரிசையா பன்னெண்டு இருக்கு பாரு. நம்மளைப் பத்தி எழுதி, நம்ம அலமாரியிலேயே வெச்சு, அதைப் பூட்டியும் வெச்சிருக்கா. பேங்க் லாக்கர் ரூம் வரைஞ்ச இடத்துலேர்ந்து வந்தவ இல்ல? புத்தி எங்க போகும்?"

அண்ணி பதினோரு வருடம் வேலை பார்த்தது வங்கிகளுக்குப் பாதுகாப்பு அறை வடிவமைக்கிற நிறுவனத்தில். அங்கே பக்கத்து நாற்காலிக்காரருக்கே படத்தைக் காட்ட மாட்டார்கள். கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொல்ல, வீடே சிரித்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"சரி, அதெல்லாம் அப்புறம்," என்றான் அண்ணன். "மணி பத்தரை. ஒரு எழுநூத்து எழுபத்தேழைப் போட்டு மொத்தத்தையும் திறந்து விடு. எனக்கும் தெரியும் அந்த நம்பர்."

"தெரிஞ்சதோட நிறுத்திக்கோ. அதைப் போட்டா நமக்கு மட்டும் திறக்காது, ஊருக்கே திறக்கும். பள்ளிக்கூடக் கான்ட்ராக்டருக்கு இந்த சர்வர்ல ஒரு லாகின் இருக்கு. அவரோட போட்டிக்காரருக்கும் ஒன்னு இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து ஒருத்தர் படத்தை ஒருத்தர் பார்த்துட்டு இருப்பாங்க, பரவாயில்லையா?"

சின்னவள் வேலையைப் பார்த்தாள். அண்ணி பெயரில் இருக்கும் வரைபடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, chmod g+rw என்று குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுத்தாள். வரைபடங்களைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. எண்ணிப் பார்த்தாள். வேண்டிய படங்கள் பதினேழும் வந்துவிட்டன. மொத்தம் இரண்டு நிமிடம்.

"அரைமில்லி சார், படம் வந்துடுச்சு. பிரிண்ட் போட ஆரம்பிங்க."

"குறிப்பையும் திற," என்றான் அண்ணன்.

"மாட்டேன்."

"உன்னால முடியும்தானே?"

"முடியும். இந்த மெஷின்ல என்னால முடியாததுன்னு ஒன்னும் கிடையாது. படம் ஆபீஸோடது, திறந்துட்டேன். குறிப்பு ஒரு ஆள் எழுதினது. அந்த ஆளைக் கேட்டுட்டுத் திறக்கறேன்."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பென்சில் முனையை ஊதிவிட்டு, "அவ சொல்றது சரி," என்றாள். அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போனான். அவனுக்குத் தாகம் எடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

* * *

படம் கிடைத்துவிட்டது. யார் பூட்டியது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

சின்னவளுக்கு இந்தப் பொது ஃபோல்டரைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை அமைத்தவள் அவள். யார் அதற்குள் எதை உருவாக்கினாலும் அது தானாகவே அலுவலகக் குழுவின் பெயரில் பிறக்கும்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். குழு சரியாக விழுகிறது. பிறகு அனுமதி மட்டும் எங்கே போகிறது?

குழுவின் பெயர் சரியாக விழுந்தால் மட்டும் போதாது, உருவாகும்போதே யாரோ அனுமதியைக் கழிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கழித்தலுக்கு ஒரு வரி உண்டு. ஒவ்வொருவருடைய அமைப்பு ஃபைலிலும் அது இருக்கலாம். லாகின் செய்தவுடன் கணினி முதலில் படிப்பது அந்த ஃபைலைத்தான். அண்ணியின் லாகினுக்கான அமைப்பு ஃபைலைத் திறந்தாள்.

முதல் வரியே அதுதான். umask 077.

நான் புதிதாக எதை உருவாக்கினாலும் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள எல்லா அனுமதியையும் கழித்துவிடு என்று அர்த்தம். லாக்கர் அறை வரைகிற இடத்தில் இது இல்லாமல் நாற்காலியில் உட்காரவே விடமாட்டார்கள். ஏற்கனவே இருக்கிற ஃபைலைத் திருத்தினால் இந்த வரி குறுக்கே வராது. அதனால்தான் மற்றவர்கள் ஆரம்பித்தவை திறந்தே இருந்தன, அவள் ஆரம்பித்தவை மூடிக்கொண்டன. அண்ணன் பார்த்தது உண்மை. அதற்கு அவன் கண்டுபிடித்த காரணம்தான் தப்பு.

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முந்தைய அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அண்ணி ஒரு பென் டிரைவை நீட்டினாள். "சின்னு, இதுல என் பழைய செட்டிங் ஃபைல் இருக்கு. கலர், ஷார்ட்கட் எல்லாம் கை பழகிப்போச்சு. அப்படியே போட்டுத் தர்றியா?"

"இதெல்லாம் ஒரு வேலையா, அண்ணி?" என்று வாங்கி, அப்படியே போட்டுக் கொடுத்தவள் இவள்தான். ஒரு வரி படித்துப் பார்க்கவில்லை.

அந்த ஃபைலை இப்போது இந்த அலுவலகத்தில் இரண்டு பேரால்தான் திறக்க முடியும். ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இன்னொருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, "சர்வர்ல ஏதோ கோளாறும்மா, சரி பண்ணிட்டேன்" என்று சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை. அண்ணி பெயரும் கெடாது, தன் பெயரும் கெடாது. எல்லோருக்கும் நல்லது.

விரல் அந்த அழிக்கும் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாகக் கதை சொன்னதாக ஆகாது. சின்னவள் நல்லவள்தான். நல்லவர்களுக்கும் தங்கள் கெட்டிக்காரத்தனத்தின் மேல் ஆசை உண்டு.

பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, கொஞ்சம் இங்க வா. அண்ணா, நீயும் வா. பூட்டினது யாருன்னு தெரிஞ்சுடுச்சு."

இருவரும் வந்தார்கள்.

"நான்," என்றாள் சின்னவள்.

சொல்ல வேண்டியதை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஐந்தாவது வாக்கியம் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள்.

அண்ணன் நம்பவில்லை. "அவளைக் காப்பாத்தறதுக்காக நீ பழியைத் தூக்கிப் போட்டுக்கறே. அந்த வரி அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் வெச்சிருப்பா."

"சாட்சி இருக்கா?" என்றாள் அம்மா.

சின்னவள் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, அண்ணியின் ஃபைல்களில் எல்லாவற்றிலும் பழையதைக் காட்டினாள். வேலைக்கு வந்த இரண்டாவது நாள் உருவாக்கியது. அதிலும் குழுவுக்கு மூன்று கோடுகள். ஃபைலின் பெயர்: 'செடிக்குத் தண்ணீர், யார் எந்தக் கிழமை.'

அண்ணன் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தான்.

"செடிக்குத் தண்ணி ஊத்தற பட்டியலை யாராவது ரகசியமா பூட்டி வெப்பாங்களா?" என்றாள் சின்னவள்.

வாசலில் ஐந்து தொட்டிகள் இருந்தன. அண்ணி வந்த புதிதில் வாங்கி வைத்தவை. ஒன்றில்தான் செடி இருந்தது. மற்ற நாலும் மூன்றாவது மாதத்திலேயே காய்ந்துவிட்டன.

அரைமில்லி தொண்டையைச் செருமினார். "அந்தப் பட்டியல் எனக்கும் திறக்கலைங்க மேடம். அப்பவே பார்த்தேன்."

"அப்பவே ஏன் சார் சொல்லல?"

"பெரியவங்க விஷயம், நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"செடி எப்படி சார் பெரியவங்க விஷயம்?"

அரைமில்லி பிரிண்டரில் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

* * *

பதினொன்றே முக்காலுக்குச் சின்னவளின் போன் அடித்தது. அண்ணி. சின்னவள் ஸ்பீக்கரில் போட்டாள். போட்டதைச் சொல்லவும் செய்தாள்.

"அண்ணி, அம்மாவும் அண்ணனும் பக்கத்துல இருக்காங்க. அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"நல்லபடியா முடிஞ்சுது. கட்டுப் போட்டிருக்காங்க. என்ன சின்னு, பதினாலு தடவை கூப்பிட்டிருக்கே. ஒன்பது தடவை உங்க அண்ணன்."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான்.

"உங்க ஃபைல் எதுவும் எங்களுக்குத் திறக்கல, அண்ணி. படத்தை மட்டும் நான் திறந்துட்டேன். மத்தது உங்களைக் கேக்காம தொடல."

"திறக்கலையா? நான் ஒன்னையும் மூடலையே. பொது ஃபோல்டர்லதானே வெச்சிருக்கேன்."

சின்னவள் அந்த முதல் வரியைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கம் அண்ணிக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. அவளுக்கு அந்த வரி பதினோரு வருடப் பழக்கம்.

"அடக் கடவுளே. அது அதுக்குள்ள இருக்குன்னே மறந்துட்டேன். எங்கிட்ட எல்லாம் திறக்குது, அப்ப உங்களுக்கும் திறக்கும்னு நெனச்சேன். படம் கேட்டா என் மெஷின்லேர்ந்தே பிரிண்ட் போட்டுக் கொடுத்துடுவேன், அதனால யாரும்..."

பாதியில் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சின்னு, எப்போலேர்ந்து திறக்கல?"

"முதல் நாள்லேர்ந்து, அண்ணி."

"அப்ப நான் எழுதின குறிப்பு எதையும் யாருமே படிக்கலையா?"

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள்.

"ஒன்னுகூடவா?"

"இல்ல, அண்ணி."

"படிச்சிட்டு, பதில் சொல்ற அளவுக்கு அதுல ஒன்னும் இல்லைன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்." அண்ணியின் குரல் இறங்கிப் போயிருந்தது. அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "எட்டு மாசமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

அண்ணன் இப்போது உட்கார்ந்தான். போன வாரத்திலிருந்து அவன் உட்காராமல் இருந்த அந்த நாற்காலியில்.

"எல்லாத்தையும் திறந்துக்கோ, சின்னு," என்றாள் அண்ணி. "பன்னெண்டாவது மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை எழுதினது. அதை அப்படியே விட்டுடு."

"விட்டுடறேன்."

"அந்த umask வரியை நானே எடுத்துடறேன். லேப்டாப் கொண்டு வந்திருக்கேன்." போன் நின்றுவிட்டது. கணவனிடம் கொடு என்று அவள் கேட்கவில்லை. என்னிடம் கொடு என்று அவனும் கேட்கவில்லை.

சின்னவள் பதினொரு குறிப்புகளைத் திறந்தாள். முதல் நான்கும் வாரம் தவறாமல் எழுதியவை. அடுத்த மூன்றும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதன் பிறகு மாதம் ஒன்று. ஒரு மனுஷி பேசிப் பேசிக் களைத்துப் போனதை அந்தத் தேதிகளிலேயே பார்க்க முடிந்தது.

"நான் ரெண்டாவது மாசமே இதுல ஒன்னைத் திறந்து பார்த்தேன்," என்றான் அண்ணன். "அனுமதி இல்லைன்னு வந்துது. எனக்கே அனுமதி இல்லையான்னு ரோஷம் வந்துடுச்சு."

"எனக்குத் திறக்கலைன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்னடா?" என்றாள் அம்மா.

"கேக்கல."

"ஒரே வீட்ல தூங்கறீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஐந்தாவது குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். படித்தவன் மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு எழுந்து பிரிண்டரை நிறுத்தினான்.

"அரைமில்லி சார், நிறுத்துங்க. அந்த ஏழாவது படம் போகக்கூடாது."

பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடி. வகுப்பறைக் கதவு படி முடியும் மேடையின் பக்கமாகத் திறக்கிறது. கதவு திறந்திருக்கும்போது குழந்தைகள் இறங்க மிஞ்சுகிற இடம் எண்பது சென்டிமீட்டர். மணி அடித்தவுடன் நாற்பது பேர் ஓடிவரும் இடம் அது. அண்ணி இதை ஆறு மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தாள். 'நீங்கள் சொன்னபடி வரைந்திருக்கிறேன். எனக்குச் சரியாகப் படவில்லை. கதவை அறைக்குள் தள்ளி ஒரு மாற்றுப் படம் போட்டு வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.'

அவன் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றால் எப்படிச் சொல்வான்? பதில் வராததை அவள் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, முதலில் வரைந்ததையே கொடுத்துவிட்டாள்.

மாற்றுப் படம் அதே ஃபோல்டரில் இருந்தது. காலையில் சின்னவள் திறந்துவிட்ட படங்களோடு அதுவும் திறந்து, கூப்பிட ஆள் இல்லாமல் காத்திருந்தது. அரைமில்லி அதை மேலும் கீழும் அளந்து பார்த்தார். "பிசிறே இல்லைங்க," என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

ஏழாவது படத்துக்குப் பதில் மாற்றுப் படம் பிரிண்ட் ஆனது. அண்ணன் கையெழுத்துப் போட்டான். போடுவதற்கு முன் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் மனைவியின் பெயரைத் தன் கையாலேயே எழுதினான். இதுவரை அந்தக் கட்டத்தில் அலுவலகத்தின் முத்திரைதான் விழும். இரண்டு மணிக்கு அரைமில்லி சுருளை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். இரண்டு ஐம்பதுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. வாங்கிக்கொண்டு முத்திரை குத்திவிட்டார்கள்.

* * *

மூன்றிலிருந்து ஐந்து வரை சின்னவள் தன் தப்பைச் சரிசெய்தாள். இனிமேல் அந்தப் பொது ஃபோல்டருக்குள் யார் எதை உருவாக்கினாலும், அவர்கள் எந்தப் பழக்கத்தோடு வந்திருந்தாலும், குழுவுக்குத் திறந்தே பிறக்க வேண்டும் என்று ஃபோல்டரிலேயே எழுதி வைத்தாள். தனிப்பட்ட எதற்கும் பக்கத்தில் ஒரு தனி ஃபோல்டர் போட்டாள். நம்பிக்கை இல்லாமல் தன் லாகினிலேயே 077 போட்டு ஒரு ஃபைலை உருவாக்கிப் பார்த்தாள். திறந்தே பிறந்தது. அதன் பிறகுதான் அந்தச் சோதனை ஃபைலை அழித்தாள்.

ஐந்து மணிக்கு அம்மா ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்தாள். பத்திரம் மேசை மேல் இருந்தது.

"உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று மகனைக் கேட்டாள்.

"எனக்கு என்னம்மா சொல்ல இருக்கு? நீ போடு," என்றான் அவன். "எனக்கு இருக்கிற உரிமை அவளுக்கு எப்பவோ இருந்திருக்கணும்."

அந்த நேரம் பார்த்துச் சின்னவள், "அம்மா," என்றாள். குரல் மாறியிருந்தது. "அண்ணி லாகின் பண்ணியிருக்காங்க. அங்கேர்ந்து."

மூவரும் திரையைப் பார்த்தார்கள். சின்னவள் மறுபடி ls -l தட்டினாள். பன்னிரண்டாவது குறிப்பின் வரி மாறியிருந்தது. அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு சின்னக் கூட்டல் குறி.

"அப்படின்னா?" என்றான் அண்ணன்.

"குழுவுக்கு இல்ல. யாரோ ஒரே ஒருத்தருக்கு மட்டும் படிக்க அனுமதி கொடுத்திருக்காங்க."

அண்ணன் இரண்டடி முன்னால் வந்தான். அவன் முகத்தில் வந்த நம்பிக்கையைப் பார்க்கச் சின்னவளுக்குப் பாவமாக இருந்தது. அந்த ஒருத்தர் யார் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். ஒரு பெயர் வந்தது.

"அம்மாவுக்கு," என்றாள்.

அம்மாவுக்கு அந்த சர்வரில் ஒரு லாகின் உண்டு. பேருக்கு இருக்கட்டும் என்று சின்னவள் போட்டுக் கொடுத்தது. அம்மா அதை ஒருநாளும் தொட்டதில்லை.

அம்மா திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். பேனாவைத் திறந்து பத்திரத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினாள்.

"படிச்சிட்டுப் போடலாமேம்மா," என்றான் அண்ணன் மெதுவாக. "உள்ள என்ன எழுதியிருக்காளோ."

"என்ன வேணா எழுதியிருக்கட்டும். அவ போட்ட மாடிப்படி சரியா இருக்கு. எனக்கு அது போதும்."

பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து சின்னவளை நாற்காலியிலிருந்து எழுப்பினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

"பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காம்மா?"

"நான் கட்டின முதல் கட்டடத்துல எத்தனை தூண்னு எனக்கு மறக்குமா? போ."

கதவைச் சாத்தினார்கள். உள்ளே அம்மா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

அண்ணனும் தங்கையும் வாசலில் நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணன் ஒரு குவளையில் தண்ணீர் பிடித்துவந்து, மிச்சம் இருந்த அந்த ஒரே செடிக்கு ஊற்றினான்.

"இன்னிக்கு யாரோட கிழமை?" என்றான்.

"பட்டியல் படி உன்னோடதுதான். திங்கட்கிழமை. எட்டு மாசமா."

கதவு திறந்தது. அம்மாவின் கண் சிவந்திருந்தது. குரலில் மட்டும் ஒரு பிசிறும் இல்லை.

"சின்னு, அந்த ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

அண்ணன் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பையில் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நான் கிளம்பறேம்மா. இப்பவே போறேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா?" என்றாள் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே. "டிக்கெட் எனக்கு."